துணி எடுத்தாச்சா?

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு குடும்பத்துக்கு நீங்கள் எவ்வளவு நெருக்கம் என்று தெரியவேண்டுமா? அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு உங்களிடம் துணிக்காசு கேட்டார்களா என்று பார்த்தால் போதும். பத்திரிகை யாருக்கு வேண்டுமானாலும் வரும். ‘அசோ எபி’ எல்லாருக்கும் வராது.

அசோ என்றால் தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மொழியில் துணி, எபி என்றால் குடும்பம். கல்யாணமோ, குழந்தைக்குப் பேர் வைப்பதோ, அறுபதாம் பிறந்தநாளோ, சாவோ, எதுவானாலும் வீட்டார் முதலில் துணியைத்தான் முடிவு செய்கிறார்கள். பெண் வீட்டுக்கு ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நிறம், மணப்பெண்ணின் தோழிகளுக்கு வேறொன்று, அம்மாவின் சர்ச் தோழிகளுக்கு இன்னொன்று. வாட்ஸாப்பில் துணியின் படம் வரும். கீழே விலை, வங்கிக் கணக்கு எண், பணம் கட்டக் கடைசித் தேதி. பணம் கட்டியதும் துணி வரும், அதைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சவேண்டும். விசேஷத்துக்கு முந்தின இரவு வரை தையற்காரர்கள் சொல்லும் சாக்குகள் நைஜீரியாவில் தனியொரு வாய்மொழி இலக்கியம்.

நான் லாகோஸின் இக்கேஜா பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜைப் பெண்ணின் அம்மா இறந்துபோனார். எண்பதைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர். துக்கம் விசாரிக்கப் போனபோது அவளும் அவள் அக்காக்களும் கூடத்தில் உட்கார்ந்து, விரித்துப் போட்ட லேஸ் துணிகளுக்கு நடுவே, ஊதாவா வெள்ளியா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். உடல் பிணவறையில் இருந்தது. அடக்கத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் வரவேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். தெருமுனையில் அம்மாவின் சிரித்த முகத்தோடு ஆளுயர பேனர் கட்டியிருந்தார்கள். ‘வாழ்வின் கொண்டாட்டம்’ என்று அதில் எழுதியிருந்தது. கல்யாணச் சாவு. இளவயதுச் சாவுக்கு இப்படிச் செய்ய மாட்டார்கள். அங்கே துணியும் கிடையாது, பாட்டும் கிடையாது, சீக்கிரம் புதைத்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

“ஆன்ட்டி, உங்களுக்கு அஞ்சு கெஜம் எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்டாள் அவள். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு வந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவளுடைய அக்காக்கள் என் பெயரைக் கேட்டார்கள்.

சனிக்கிழமை என்றால் லாகோஸில் ‘ஒவாம்பே’. ஊரை அடைத்து நடக்கும் பெரிய விருந்துக்கு அதுதான் பெயர். மண்டபத்துக்குள் நுழைந்தால் நாற்பது மேஜையும் ஒரே நிறத்தில் கண்ணைப் பறிக்கும். பெண்கள் இரோ என்ற இடுப்புத்துணியும் பூபா என்ற தொளதொள ரவிக்கையும் உடுத்தி, தலையில் கெலே கட்டியிருப்பார்கள். கெலே என்பது விறைத்த நீளத்துணி, அதை மடித்து மடித்து விசிறி போலத் தலையைச் சுற்றி எழுப்புவது தனிக் கலை. பின்னால் உட்கார்ந்தவருக்கு மேடை தெரியாது, யாரும் அதற்காகக் குறைப்பட்டுக்கொள்வதும் இல்லை. இப்போது ‘ஆட்டோ கெலே’ வந்துவிட்டது. முன்கூட்டியே மடித்துத் தைத்தது, தொப்பி போல மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. கிழவிகள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கெலே கட்டத் தெரிந்த அத்தை இல்லாத லண்டன் பெக்கத்து நைஜீரியர் வீட்டிலும் அமெரிக்க ஹூஸ்டன் வீட்டிலும் அந்தத் தொப்பிதான் கெலேயைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நிகழ்ச்சி நிரலில் எல்லாரும் எதிர்பார்ப்பது ஏழாம் ஐட்டம். அலுவலகக் கூட்டங்களிலும் சாப்பாட்டுக்கு நைஜீரியர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. புகை மணக்கும் ஜோலோஃப் என்ற தக்காளிச் சோறு, பொரித்த வாழைப்பழம், கறி, அமலா என்ற கிழங்கு மாவுக் களியும் எவேடு கீரைக் குழம்பும். பிறகு அன்பளிப்பு: பிளாஸ்டிக் வாளி, துண்டு, இறந்தவரின் படம் அச்சிட்ட கோப்பை. அசோ எபி உடுத்தியவர் மேஜைக்கு அன்பளிப்புப் பை தானாக வரும். சாதாரண உடையில் வந்தவர் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கிடையில் பேசும் மேளக்காரர் வந்துவிடுவார். நடுவில் இடுங்கிய மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கவாட்டு வார்களை அமுக்கித் தளர்த்தி, வளைந்த கோலால் அடிப்பார். யொரூபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று சுரங்கள் உண்டு, சுரம் மாறினால் பொருளும் மாறும். அதனால் மேளம் சொல்லின் சுரத்தை அப்படியே இழுத்துக் காட்டினால் கேட்பவருக்கு வாக்கியம் புரிகிறது. பரம்பரை மேளக்குடும்பத்தாரின் பெயர்கள் ‘அயான்’ என்று தொடங்கும். அந்தந்தக் குடும்பத்துக்கு உரிய ஒரிக்கி என்ற புகழ்மாலை அவர்களுக்கு மனப்பாடம். இன்றைய மேளக்காரருக்கு அது மட்டும் போதாது. கார் நிறுத்துமிடத்தில் டிரைவர்களிடம் பேச்சுக்கொடுத்து, யார் எந்த ஊர், யார் புதிதாகப் பதவிக்கு வந்தவர் என்று விசாரித்துக்கொண்டு உள்ளே வருகிறார். கேட்டவர் எழுந்து ஆடுகிறார், நோட்டுகளை எடுக்கிறார்.

இந்த ‘ஸ்ப்ரே’ பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடுபவரின் நெற்றியில், தோளில், ஒவ்வொரு நோட்டாக வைத்துக்கொண்டே போவார்கள். கீழே விழுவதைப் பொறுக்க ஒரு சிறுமி பையோடு பின்னாலேயே வருவாள். நம் மொய் நோட்டில் யார் எவ்வளவு என்று எழுதிவைப்போம். இங்கே எழுத்தே இல்லை, முழு மண்டபமும் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது. சட்டப்படி இது குற்றம். 2007-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு, நாணயத்தைத் தூவுவதற்கும் அதன்மேல் ஆடுவதற்கும் குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது குறைந்தது 50,000 நைரா அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பல ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2024-இல் சமூக ஊடகப் பிரபலம் ஒருவருக்கு உண்மையிலேயே ஆறு மாதம் கிடைத்தபோதுதான் ஊர் திடுக்கிட்டது. சில விசேஷங்களில் ஆடுபவர் முன்னால் அலங்காரப் பெட்டியோ பையோ வைத்தார்கள், நோட்டு தலையைத் தொடாமல் அதற்குள் போனது. ஆட்டம் நிற்கவில்லை.

பெண் கேட்கும் சடங்கிலும் இப்படித்தான். யொரூபா நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையும் நண்பர்களும் பெண் வீட்டார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கியாக வேண்டும். அந்த நிகழ்ச்சியை நடத்துபவர்கள் இரண்டு பெண்கள், வீட்டுக்கு ஒருவர். அவர்களை அலாகா என்கிறார்கள். குடும்பத்தில் வாக்கப்பட்டு வந்த மூத்த மருமகள்கள் செய்துவந்த வேலை அது. இன்று அலாகா என்பது தொழில். கையில் மைக், இன்ஸ்டாகிராமில் பக்கம், கட்டணத்துக்கு ரசீது. மாப்பிள்ளையை ஏழுமுறை விழவைத்து, பாட்டுப் பாடி, ஒவ்வொரு விழலுக்கும் அபராதம் வசூலிக்கிறார்கள். இதைப் பார்த்து ‘சடங்கு வியாபாரமாகிவிட்டது’ என்று வருந்துகிற நைஜீரியர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லண்டனில் பிறந்த பெண்ணுக்கும் அபூஜாவில் வளர்ந்த பையனுக்கும் எந்தப் பாட்டுக்கு எப்போது எழுந்து நிற்பது என்று தெரியாது. தெரிந்த ஒருத்திக்குக் காசு கொடுத்து அழைத்து வருகிறார்கள். பாட்டு மறக்காமல் இருக்கிறது.

இனி துணிக்கு வருகிறேன். நைஜீரியர்கள் ‘எங்கள் பாரம்பரிய உடை’ என்று சொல்லிப் பெருமையாக உடுத்துவதில் பெரும்பாலானவை எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் தலை சுற்றும்.

என் சகோதரிபோலப் பழகிய அந்தப் பெண்ணின் அம்மா சாவுக்கு எடுத்த லேஸ் எம்பிராய்டரித் துணி ஆஸ்திரிய வகை. ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியில் லுஸ்டெனாவ் என்ற சிற்றூர் 1960கள் தொட்டு நைஜீரியாவுக்காகவே லேஸ் செய்து அனுப்பிவருகிறது. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் கொட்டியபோது அந்த ஆல்ப்ஸ் ஊரின் பல குடும்பங்கள் லாகோஸ் சந்தையை நம்பியே பிழைத்தன. ‘ஆங்காரா’ என்னும் மெழுகு அச்சுத்துணி, உலகமே ஆப்பிரிக்கத் துணி என்று நம்புவது, ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்த நகல். நெதர்லாந்தின் ஹெல்மோண்டில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ கம்பெனி இன்றும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அதை அச்சிடுகிறது. அதைவிட மலிவானவை சீனாவிலிருந்து வருகின்றன. நைஜீரியாவின் சொந்த ஆலைகள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. கடுனா நகரின் மிகப் பெரிய ஆலை 2007-இல் கதவை மூடியது.

மிச்சமிருப்பது ஜார்ஜ். அது நம்மூர்த் துணி.

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இனத்தார் கல்யாணத்தில் மணப்பெண் கையில் பனங்கள் கோப்பையோடு கூட்டத்துக்குள் புருஷனைத் தேடிப் போவாள். வழியெல்லாம் வாலிபர்கள் ‘இங்கே, இங்கே’ என்று கை நீட்டுவார்கள். அவள் யாரையும் பார்க்காமல் போய், மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து, மண்டியிட்டு, ஒரு மிடறு தான் குடித்துவிட்டு அவனுக்குக் கொடுப்பாள். அவன் குடித்தால் கல்யாணம் முடிந்தது. அப்போது அவள் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் ஜார்ஜ், கழுத்திலும் தலையிலும் பவளம். ஜார்ஜ் என்ற பெயர் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். இன்று அது ஜரிகையும் சமிக்கியும் கல்லும் வைத்த கனத்த எம்பிராய்டரித் துணி, லாகோஸ் பலோகுன் சந்தையில் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆனால் அதன் மூதாதை கட்டம் போட்ட எளிய பருத்தி. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்று ஏற்றுமதிக்காரர்கள் பெயரிட்டது. சோழமண்டலக் கரையில் நெய்து, மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்றே கப்பல் ஏறியது.

அந்தக் கட்டத்துணியை உயிராக வைத்திருப்பவர்கள் நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள். அவர்கள் அதை இன்ஜிரி என்கிறார்கள். போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து சதுப்புநிலங்களையும் பாலங்களையும் தாண்டிப் போனால் அவர்களின் புகுமா என்ற ஊர். ஒரு பெரியவரின் இறுதிச் சடங்குக்காக அங்கே போயிருந்தேன். குடும்ப வீட்டின் அறைகளில் கட்டில்கள் போட்டு, அந்தக் கட்டில்களுக்குத் துணி ‘உடுத்தி’ இருந்தார்கள். அறைக்கு அறை துணி வேறு. ஓர் அறை முழுவதும் இன்ஜிரி: மெத்தை, சுவர், கூரை என்று எங்கு பார்த்தாலும் சிவப்பும் நீலமும் கலந்த கட்டம். எப்படி மடிப்பது, எப்படி விசிறியாக்குவது என்று தெரிந்த மூத்த பெண்கள் இரவெல்லாம் விழித்து அதைச் செய்கிறார்கள். பெட்டிகளிலிருந்து எடுத்த துணிகள் அவை. பாட்டியின் பாட்டி வைத்துவிட்டுப் போனவை, குடும்பத்துச் சொத்து. எவ்வளவு துணி, எவ்வளவு பழையது என்பதை வைத்துத்தான் ஊர் அந்தக் குடும்பத்தை எடைபோடுகிறது.

அங்கே ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார், “நீ இந்தியா தானே, மகளே? உங்க ஊர்ல இதை எப்போ உடுத்துவீங்க?”

“ஆம்பளைங்க வீட்ல கைலியா கட்டுவாங்க, மாமா” என்றேன். நைஜீரியாவில் மாமா என்றால் அம்மா.

அவர் பக்கத்திலிருந்தவர்களிடம் கலபாரியில் அதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் பரிதாபமும் அதில் இருந்தது. இவ்வளவு நல்ல துணியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் பார் என்பதுபோல.

கலபாரிப் பெண்கள் இந்தத் துணியை வந்தபடியே உடுத்திவிடவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். கையில் பிளேடோ சிறு கத்தியோ எடுத்துக்கொண்டு, நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் ஊசியால் தூக்கி, வெட்டி, உருவி எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் வெளிர் நூல்கள். வேண்டாத நூல் போனபின் துணியில் புதிய வடிவம் நிற்கிறது, வலைபோல மெல்லியதாக, வெளிச்சம் ஊடுருவுகிறதாக. பெலெத்தே பித்தே என்று இதற்குப் பெயர். ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகும். சென்னையில் ஒருவர் கஷ்டப்பட்டு நெய்ததை அங்கே ஒருவர் கஷ்டப்பட்டுப் பிரிக்கிறார், அப்படிப் பிரித்த பிறகுதான் அது கலபாரித் துணி ஆகிறது. ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் டோன்யே எரெகோசிமா என்ற கலபாரி அறிஞரும் இதை வைத்துத்தான் ஒரு கோட்பாடே வகுத்தார்கள். வெளியிலிருந்து வந்த பொருளை ஒரு சமூகம் தேர்ந்தெடுத்து, பெயர் சூட்டி, தன் சடங்குக்குள் சேர்த்து, கடைசியில் உருமாற்றித் தன்னுடையதாகவே ஆக்கிக்கொள்ளும் வழியை அவர்கள் படிப்படியாகக் காட்டினார்கள்.

கப்பல் ஏறியது என்று மேலே எளிதாக எழுதிவிட்டேன், அந்தக் கப்பல் எதற்காகப் போனது என்பதையும் எழுத வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித்துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. கரையில் அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். புதிய கலபார் என்று ஐரோப்பியர் அழைத்த கலபாரித் துறைமுகமும் பக்கத்து போன்னியும் அடிமை வியாபாரத்தின் பெரிய வாசல்கள். கலபாரித் தலைவர்கள் அந்த வியாபாரத்தில் இடைத்தரகர்களாக இருந்து செழித்தவர்கள். உள்நாட்டு இக்போ ஊர்களிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அங்கிருந்துதான் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். 1807-இல் பிரிட்டன் தன் அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் நிறுத்தியபின் பனை எண்ணெய் வியாபாரம் அந்த இடத்தைப் பிடித்தது, துணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மிகப் பழைய துண்டுகளுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று அந்த அறையில் யாரும் பேசவில்லை. இக்போ மணப்பெண் அதே துணியின் பேத்தியை உடுத்திக்கொண்டு கள் கோப்பை ஏந்துகிறாள் என்பதை நினைத்தால் எனக்குச் சொல் வருவதில்லை. நம் பக்கத்திலும் நெசவாளருக்கு அந்தக் கணக்கில் கிடைத்தது கூலி மட்டும்தான், லாபம் கோட்டைக்குள் போனது.

அப்படியானால் சொந்தமாக நெய்வது ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அசோ ஓக்கே. ஓயோ மாநிலத்தில் இசேயின் என்ற ஊர் அதற்குப் பேர்போனது. தறி குறுகலானது, துணியின் அகலம் ஒரு சாண்கூட வராது. பாவு நூல் தறிக்கு முன்னால் முற்றம் முழுவதும் நீண்டு கிடக்கும். மறுமுனையில் ஒரு சறுக்குப்பலகையில் கல் பாரம். நெய்ய நெய்ய அந்தக் கல் மெல்ல மெல்ல நெசவாளரை நோக்கி இழுபட்டு வரும். இந்தக் குறுகிய பட்டைகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தால்தான் முழுத்துணி. அதனால் அதில் எப்போதும் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும், தெரிந்தவர்களுக்கு அதுவே அடையாளம்.

பழைய வகைகள் மூன்று. அவுரி நீலம் கறுக்கும்வரை தோய்த்த எத்து, காட்டுப் பட்டுப்பூச்சிக் கூடுகளைச் சேகரித்து நூற்ற வெளிர் பழுப்பு சன்யான், கருஞ்சிவப்பு அலாரி. அலாரிக்கான பட்டு சகாராப் பாலைவனத்தைத் தாண்டி வடக்கிலிருந்து ஒட்டகத்தில் வந்தது. சொந்த நெசவிலும் அந்நிய நூல்! இன்று காட்டுப்பட்டு அரிது, ரேயானும் மினுமினுக்கும் லூரெக்ஸ் நூலும்தான். அதை ‘ஷைன்-ஷைன்’ என்கிறார்கள். மணமக்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் நிறத்துக்கு நூல் எடுத்து நெய்கிறார்கள். கென்னத் இஸே என்ற வடிவமைப்பாளர் அசோ ஓக்கேயை வெட்டிக் கோட்டும் கால்சட்டையும் தைத்துப் பாரிஸ் மேடை வரை கொண்டுபோனார். இசேயின் தறிகளுக்குச் சோறு போடுவது பாரிஸ் இல்லை, சனிக்கிழமைதான்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். மாதம் நான்கு விசேஷம், நான்கு துணி, நான்கு தையற்கூலி. வாங்காவிட்டால் மனஸ்தாபம். 2023-இல் நைரா மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது டாலருக்கு 460 அளவில் இருந்தது, அடுத்த ஆண்டுக்குள் 1,500-ஐத் தொட்டது. இறக்குமதித் துணி எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனது. அழைப்பிதழில் ‘அன்றைய நிறம்: கரும்பச்சை, பொன்’ என்று மட்டும் போட்டுத் துணியை விட்டுவிடும் குடும்பங்கள் கூடிவருகின்றன. வீட்டில் இருப்பதில் எதையாவது எடுத்து உடுத்தி வரலாம். நல்ல வழக்கம். கிழக்கே அனம்பிரா மாநிலம் 2019-இல் சாவுச் செலவைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. பிணவறையில் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சடங்கை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றெல்லாம். அந்தப் பக்கம் சாவுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் சட்டத்தைப் பற்றிப் புன்னகையோடுதான் பேசுகிறார்கள்.

வடக்கைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவாகத் தகுதியில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். கானோவின் தர்பார், பெருநாளில் எமீர் என்ற பாரம்பரிய அரசர் முன்னால் குதிரைப்படை அணிவகுக்கும் விழா, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதே 2024-இல் எமீர் பட்டம் யாருக்கு என்ற தகராறில் காவல்துறை தர்பாரைத் தடைசெய்திருந்தது. பட்டியலில் பேர் இருந்தது, தெருவில் குதிரை இல்லை. சனிக்கிழமை ஒவாம்பேயை எந்தப் பட்டியலும் சேர்த்ததாகத் தெரியவில்லை, அது ஒரு வாரமும் தவறியதில்லை.

கடைசியாக அடிரே. இதில்தான் என் கணக்கு இடறுகிறது.

அபெயோகுட்டா என்ற தென்மேற்கு நகரின் பெண்கள் துணியை முடிச்சுப் போட்டோ, மரவள்ளிக் கிழங்கு மாவுக் கஞ்சியை இறகால் தீட்டியோ அவுரியில் தோய்ப்பார்கள். கஞ்சி பட்ட இடம் வெளுப்பாக நிற்கும், மற்றதெல்லாம் நீலம். ‘இபாதான் இனிது’ என்று பேர்கொண்ட ஒரு வடிவத்தில் இபாதான் நகரின் மாப்போ மண்டபத்துத் தூண்கள் வரும், தூணுக்கு நடுவே கரண்டிகள் வரும். அடிரேயும் சுத்த சுதேசி இல்லை, அது செழித்தது மான்செஸ்டரிலிருந்து வந்த வெள்ளைத்துணியின் மேல். 1930களில் செயற்கை அவுரியும் காஸ்டிக் சோடாவும் பரவியபோது, துணி கெடுகிறது, பேர் கெடுகிறது என்று அபெயோகுட்டாவின் அரசரான அலாக்கே தடைவிதித்தார். சாயமிடும் பெண்கள் எதிர்த்து நின்றார்கள், 1936-இல் விசாரணைக் குழுவே வைக்க வேண்டியதாயிற்று. எது அசல் என்று அரசர் சொல்வதை அவர்கள் ஏற்கவில்லை, வேலை தங்களுடையது என்றார்கள். அதே ஊர்ச் சந்தைப் பெண்கள்தான் பத்து ஆண்டுகள் கழித்து ஃபுன்மிலாயோ ரன்சம்-குட்டி தலைமையில் வரிக்கு எதிராகத் திரண்டு, 1949-இல் அந்த அரசரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். ஐரோப்பிய உடையில் பழகிய படித்த பெண்மணி ஃபுன்மிலாயோ. சந்தைப் பெண்களோடு நிற்பதற்காக அவரும் இரோவுக்கும் பூபாவுக்கும் மாறினார்.

இன்று சீன ஆலைகள் அடிரே வடிவங்களைப் படம்பிடித்து, அச்சடித்து, கைவேலை விலையில் ஒரு சிறு பங்குக்கு இறக்குகின்றன. மதராஸ் கட்டத்தைத் தன்னுடையதாக்கிக் கொள்ளலாம், ஆஸ்திரிய லேஸை ஆக்கிக்கொள்ளலாம், அப்படியிருக்க சீன அடிரேக்கு மட்டும் ஏன் கோபம் என்று கேட்டால் முதலில் பதில் சொல்லத் தடுமாறுவோம். எனக்குத் தோன்றுவது இதுதான். மதராஸ் துணி வந்தபோது கலபாரிப் பெண்ணின் கைக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்தது. சீன அச்சு அபெயோகுட்டாப் பெண்ணின் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்குகிறது. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் உள்ளூர்க் கை என்ன செய்கிறது என்பதுதான் வித்தியாசம். இது முழுப்பதில் இல்லை. லேஸ் வந்தபோது எத்தனை அசோ ஓக்கே தறிகள் நின்றன என்று இசேயினில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

அபெயோகுட்டாவின் இட்டோக்கு சந்தையில் ஒரு கடைக்காரம்மா இரண்டையும் அருகருகே அடுக்கி வைத்திருந்தார். மறைக்கவே இல்லை. எது எது என்று கேட்டதும் ஒன்றைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார், வெளிறிக் கிடந்தது. இன்னொன்றைப் புரட்டினார், இரு பக்கமும் ஒரே நீலம், தொட்ட விரலிலும் ஒட்டியது. வெளிறியதைக் காட்டி, “இது ஆபீசுக்குப் போட்டுக்கோ. ஸ்கூல் பிள்ளைக்குத் தைக்கணும்னா இதுவே போதும். உங்கம்மாவுக்கு அனுப்பறதா இருந்தா அந்தப் பக்கம் வா, அது என் அக்கா தோய்ச்சது. விலையைக் குறைக்கச் சொல்லாதே” என்றார். குறைக்கச் சொல்லித்தான் பார்த்தேன். குறைக்கவில்லை.